பால் வராத வேர்

போன சனிக்கிழமை காலையில் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு மாமரத்தை வெட்டினார்கள். நாற்பது வருஷ மரம். மெஷின் வாள் சத்தம் எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன காரணம் என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். "வேரு கக்கூஸ் பைப்புல கேறீட்டு டீச்சர். ரெண்டு தடவ துருசு கலக்கி ஊத்தியும் கேக்கல்ல" என்றார். துருசு என்றால் மயில்துத்தம், செம்பு சேர்ந்த நீல உப்பு. பைப்பைத் தோண்டிப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "அது என்னத்துக்கு? மரத்த வெட்டினா தீந்துதே" என்றார். அவர்கள் வீட்டுக் கிணறு அந்த மரத்துக்கு மறுபக்கம் இருக்கிறது. இடையில் இருபது அடி கூட வராது. நான் மேற்கொண்டு எதுவும் பேசாமல் வந்துவிட்டேன். அப்படி வந்தது சரியில்லை என்று ராத்திரி முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் போய் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் மரம் அதற்குள் லாரியில் ஏறிப் போய்விட்டது. அடுத்த மரத்துக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம். அப்பா 1994-ல் கட்டியது. பத்து சென்ட் வளவு. பின்னால் ஒரு வருக்கைச் சக்கை, அதாவது பலா மரம், ஐந்து மூடு தெங்கு, அதாவது தென்னை, அடுக்களை ஓரம் வாழை. சக்கையை அப்பா வீட்டுக்குக் கல் போட்ட வருஷமே வைத்தார். அப்பா இல்லை இப்போது. கணவர் குவைத்தில் இருக்கிறார். அதனால் வீட்டில் ஓடு உடைந்தாலும் மோட்டார் நின்றாலும் நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, வைகாசி கடைசியில் மழை பிடித்த சமயம், கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் உடனே போகாமல் மெல்ல இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருக்கும் குளியலறையில் தரை ஓட்டையிலிருந்து களக் களக்கென்று சத்தம் வரும். ஒரு வாரத்தில் குளித்த தண்ணீரே மேலே ஏறிவந்து நின்றது. எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து லாரியை வரவழைத்தோம். 3,500 ரூபாய். மூடியைத் திறந்ததும் லாரிக்காரரே சொன்னார், டேங்கில் தண்ணீர் எப்போதும் நிற்கிற மட்டத்தில்தான் நிற்கிறது, வரும் வழியில் எங்கேயோ அடைப்பு என்று. இதை நாங்களே மூடியைத் தூக்கித் தூரத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டேங்க் வழிந்து நின்றால் பிரச்சினை டேங்கிலோ அதற்கு அப்பாலோ; மட்டம் சரியாக இருந்து, வீட்டில் பத்து வாளி தண்ணீர் விட்டும் டேங்குக்குள் ஒன்றும் வந்து விழவில்லை என்றால் பிரச்சினை குழாயில்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லாரியோடு வந்த பையன், இருபது வயதுகூட இருக்காது, "அக்கா, நான் உள்ள எறங்கி அந்தப் பைப்பு வாயக் குத்திப் பாக்கட்டா?" என்று கேட்டான். வேண்டாம் என்று நான் சத்தம் போட்டதில் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். காலி செய்த டேங்குக்குள்ளும் விஷவாயு நிற்கும். இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் சாய்வான். மனிதரை இப்படி இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், என் வீட்டுக் கழிவுக்காக ஒரு பிள்ளை உயிரைப் பணயம் வைப்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்? அவன் கேட்ட விதம், அது அவனுக்குத் தினப்படி வேலை என்பது போல இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

துருசும் உப்பும்

அடுத்து ஒரு பிளம்பர் வந்தார். நீளமான ஸ்பிரிங் கம்பியைக் கக்கூஸ் பக்கத்திலிருந்து விட்டுத் திருகினார். பதினெட்டு அடியில் கம்பி நின்றது. கல்லில் முட்டியது போல இல்லை, பஞ்சு மூட்டையில் குத்தியது போல நின்றது. இழுத்தபோது நுனியில் சவுரி முடி மாதிரி ஒரு கொத்து வேர் வந்தது. நேராகச் சக்கையைப் பார்த்துக் கை காட்டினார். மரம் குழாயிலிருந்து எட்டு அடிதான். அன்றைக்கு அவர் வேரைக் கிழித்து வழி விட்டுக் கொடுத்தார். மூன்று மாதத்தில் பழையபடி அடைத்தது, முன்னைவிட இறுக்கமாக. நுனி கிள்ளிய செடி பக்கக் கிளை விட்டுப் பெருகுவது போலத்தான் வேரும். உள்ளே அறுத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து இரண்டாக மூன்றாகப் பிரிந்து வளரும்.

ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அதில் முதலாவது அதே துருசு. எங்கள் பக்கம் அது எல்லா வீட்டுக்கும் பழக்கமான சாமான். மழைக்கு முன்னால் ரப்பருக்கு அடிக்கிற போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து அதில் செய்வதுதான்; ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். குழாயில் ஊற்றினால் தொட்ட வேர் கருகும், உண்மைதான். ஆனால் ஊற்றியது அங்கேயே நிற்காது. ஓடுகிற வழியில் கொஞ்சம் வேரைச் சுட்டுவிட்டு மீதி டேங்குக்குப் போகும். டேங்கில் கழிவைத் தின்று கரைக்கிற நுண்ணுயிர்களை அதில் இருக்கும் செம்பு கொல்லும். அப்புறம் டேங்க் வெறும் குழிதான். குழாயில் ஓட்டை இருந்தால் துருசுத் தண்ணீர் மண்ணில் இறங்கும், மண்ணிலிருந்து கிணற்றுக்கு வரும். நான் அதை ஊற்றவில்லை என்று பெருமையாகச் சொல்ல முடியாது. முதல் தடவை ஒரு கிலோ ஊற்றினேன். இரண்டாம் தடவை வாங்கி வைத்திருந்தது அலமாரியில் அப்படியே இருக்கிறது.

இன்னொருவர் கல்லுப்பு மூட்டையாகக் கொட்டச் சொன்னார். அதைக் கேட்டு அம்மா, "உப்பு போட்டா தெங்கு பட்டுப்போவுமா? அது உப்பு தின்னு வளந்ததுல்லா" என்று பேச்சுக்குச் சொன்னார். எங்கள் செம்மண், சரல் நிலத்தில் தென்னங்கன்று வைக்கும்போது குழியில் இரண்டு கிலோ உப்பு போடுவது வழக்கம். அடியில் இருக்கிற வெட்டுக்கல் பாறை இளகி வேர் இறங்க அது உதவும். அப்போது அந்தப் பேச்சை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லார் கண்ணும் சக்கை மேல்தான் இருந்தது. கணவர் போனில் "வெட்டிரு, வேற வழி இல்ல" என்றார். மரவியாபாரி வந்து சுற்றளவைக் கயிற்றால் அளந்து 18,000 ரூபாய் விலை சொன்னார். அம்மா அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிடவில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் பக்கத்து வளவு அயனி மரம் விழுந்து எங்கள் மதிலை முப்பதடி உடைத்தபோதும் இரண்டு கொம்பை மட்டும் இழந்து நின்ற மரம் அது. "காத்து வெட்டாதத நாம வெட்டப்போறோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பால்

வெட்டுகிறதுக்கு முந்தைய வாரம், எப்படியும் குழாயை மாற்றத்தானே வேண்டும் என்று கொத்து வேலை செய்யும் மேசிரியைக் கூப்பிட்டு தோண்டச் சொன்னேன். அறுபது வயதுக்காரர். அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவர். பைப் ஒன்றரை அடி ஆழத்தில்தான் இருந்தது. 94-ல் போட்டது எல்லாம் பீங்கான் பைப் என்று சொல்வார்களே, பளபளப்பு ஏற்றிய சுட்ட மண்குழாய். இரண்டிரண்டு அடித் துண்டு. முப்பது அடிக்குப் பதினைந்து துண்டு, இடையில் பதினான்கு மூட்டு, ஒவ்வொன்றிலும் சிமெண்ட் பூச்சு. குழாய் இன்றைக்கும் புதுசு போல இருந்தது. மூட்டில் இருந்த சிமெண்ட்தான் விண்டிருந்தது.

ஒன்பதாவது மூட்டில் இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று இறங்கி, விரல் நுழைகிற இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியாக உள்ளே போயிருந்த வேரைக் குழாயை உடைத்து வெளியே எடுத்தார்கள். ஆள் கை நீளத்துக்கு, குழாயின் அச்சில் வார்த்தது போல உருண்டையாக வந்தது. நான் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். மேசிரி அதன் அருகே குந்தி உட்கார்ந்து வெட்டுக்கத்தியால் தாய்வேரை ஒரு வெட்டு வெட்டினார். திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு வெட்டு.

"டீச்சர், இங்க வாங்க. இதுல பால் எங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து சக்கை மரத்தடிக்குப் போய், மண்ணைக் கிளறி, பென்சில் கனத்தில் ஒரு வேரைக் கீறினார். கீறின இடத்தில் வெள்ளை வெளேரென்று பால் பொட்டுப் பொட்டாக வந்து நின்றது. சக்கையில் இலையைக் கிள்ளினாலும் காம்பை ஒடித்தாலும் வேரை அறுத்தாலும் பால் வரும். கையில் ஒட்டினால் எண்ணெய் போட்டுத்தான் போகும். இதையெல்லாம் சின்ன வயசிலிருந்து தெரிந்தவள்தான் நான். ஆனால் குழாயிலிருந்து வந்த வேரைக் கீறிப் பார்க்க வேண்டும் என்று எனக்கோ பிளம்பருக்கோ ஊரில் யோசனை சொன்ன ஒருவருக்குமோ தோன்றவில்லை.

"இது சக்க வேரு இல்ல. தெங்கு வேராக்கும். ஒரே கனம் பாத்தீங்களா, அடியும் நுனியும்." கிணற்றுப் பக்கத்துத் தெங்கைக் காட்டினார். விண்ட குழாய் மூட்டிலிருந்து பன்னிரண்டு அடி.

வெட்ட இருந்த மரம் தப்பியது என்று எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். மேசிரி விடவில்லை. "நில்லுங்க. நான் சொல்லவந்தது அது இல்ல" என்றார். "சக்க வேரு, ஆல வேரு எல்லாம் நாளாக நாளாகத் தடிக்கும். மயிரிழ கெடச்சாப் போதும், கேறி இருந்து தடிச்சு மூட்டப் பொளந்துரும். தெங்கு வேரு தடிக்காது. மொளச்ச கனந்தான் கடைசி வரைக்கும். இந்தப் பீங்கான் பைப்பு மூட்ட நெம்பி ஒடைக்க அதுக்குச் சக்தி கெடையாது. மொதல்ல பைப்பு வாயத் தொறந்துட்டு. பொறவுதான் இது உள்ள வந்திருக்கு." சொல்லிவிட்டு மம்பட்டியால் மூட்டுக்கு அடியில் இருந்த மண்ணை ஒரு வெட்டு அள்ளிப் போட்டார். எங்கள் மண் செங்கல் நிறம். அந்த வெட்டு மண் கறுப்பாக, சேறாக இருந்தது. ஒரு முழம் தோண்டியும் கறுப்பு போகவில்லை. "இது நேத்து ஒழுகினது இல்ல டீச்சர். வருசக்கணக்காக்கும்."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நான் கிணற்றைப் பார்த்தேன். அந்த மூட்டிலிருந்து கிணற்று உறை இருபத்தெட்டு அடி.

எப்போது மூட்டு விட்டது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒக்கியில் உடைந்த மதிலை 2018 தொடக்கத்தில் கட்டினோம். கல் இறக்க வந்த லாரி முன்வழியில் திரும்ப இடமில்லாமல் நின்றபோது, பின்பக்கமாக வரச் சொன்னது நான். ஒன்றரை அடி மண்ணுக்குக் கீழே குழாய் இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர் அதற்கு ஒரு வருஷம் முன்புதான் போயிருந்தார். நான் கேட்டிருக்க வேண்டிய ஆள் இல்லாமல் நான் எடுத்த முடிவு அது. அதன்பிறகு மூன்று வருஷத்தில் கிணற்றுப் பக்கத்துத் தெங்கு காய்த்தது. மற்ற மூடுகளில் ஒரு வெட்டுக்குப் பத்து, பன்னிரண்டு காய் என்றால் இதில் இருபத்தைந்து. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினோம். பொங்கலுக்கு அந்த மரத்துக் காயைத்தான் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம்.

மழைக்காலத்தில் ஏன் அடைப்பு அதிகமானது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. நிலத்தடி ஈரம் ஏறும்போது வெளியே இருந்து தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் குழாய்க்குள் வரும். வேனலில் உள்ளே இருக்கிறது வெளியே போகும். வேருக்கு வேண்டியதும் இதுதான். முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடத்தில் அதற்கு மூச்சு முட்டும். கழிவுக் குழாயோ பாதி தண்ணீர், பாதி காற்று, எப்போதும் ஈரம், எப்போதும் உரம். வேனலில் சுற்றிலும் மண் காய்ந்து கிடக்கும்போது ஒரு இடத்திலிருந்து மட்டும் ஈரம் கசிந்தால் வேர் அந்தப் பக்கம்தான் வளரும். ஒழுகாத குழாயை வேர் தேடி வராது.

அறுபது அடி

பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். உள்ளே மருந்து இருக்கும். கிணற்றுத் தண்ணீரைக் கோடு வரை நிரப்பி மூடி வைத்தால் போதும். மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். நான் அதைச் சாயங்காலம் அடுக்களை ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலை பால் காய்ச்ச எழுந்தபோது மை நிறத்தில் இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்காமல் அப்படியே நின்றேன். குடத்தில் அந்தத் தண்ணீர்தான் இருந்தது. மகளுக்கு அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கு வந்து ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இதனால்தான் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

கழிவு ஊறுகிற குழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது அறுபது அடி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இப்போது ஐந்து சென்ட் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 2,178 சதுர அடி. முப்பத்தாறுக்கு அறுபது என்று வைத்தால், கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தால்தான் அந்தத் தூரம் கிடைக்கும். அப்படியே வைத்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கிணறு இருக்கும். 2011 கணக்கெடுப்பில் சென்னையை விட்டால் மாநிலத்திலேயே நெருக்கமாக ஆட்கள் வாழ்ந்த மாவட்டம் நம்முடையது. வீட்டுக்கொரு கிணறும் வீட்டுக்கொரு குழியும் நம் ஊரில். தூரத்தை இனி நம்மால் உண்டாக்க முடியாது. குழாயையாவது ஒழுகாமல் வைத்திருக்க முடியும். அதனால்தான் வேர் அடைத்தது என்றால் மரத்தை வெட்டி முடித்துவிடுகிறார்களே என்று எனக்கு மனசு பதறுகிறது. வேரை எடுத்தபிறகும் ஓட்டை அங்கேயே இருக்கிறது. அடைப்பு போனதால் தண்ணீர் வேகமாகப் போகும், எல்லாரும் நிம்மதி அடைவார்கள். ஒழுகுவது யாருக்கும் தெரியாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். இனி அதைக் காட்டிக்கொடுக்க அங்கே மரமும் இருக்காது.

குழாய் மாற்றிய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழையதை முழுக்க எடுத்துவிட்டு நாலு இஞ்ச் பிவிசி போட்டோம், மெல்லிய ரகம் இல்லை, கக்கூஸ் லைனுக்கென்றே வருகிற தடித்த ரகம். ரப்பர் வளையம் வைத்துச் சொருகுகிற மூட்டு வேண்டாம், அதிலும் நாள்பட்டால் வேர் நுழையும் என்று பசை போட்டு ஒட்டுகிற மூட்டாகவே கேட்டு வாங்கினேன். பத்து அடிக்கு மூன்று இஞ்ச் சரிவு. அடியில் பாறைப்பொடி விரித்து, வண்டி போகிற இடத்தில் மேலே கான்கிரீட். திருப்பத்தில் இருந்த செங்கல் தொட்டியின் உட்பக்கம் பூச்சு உதிர்ந்திருந்தது, அதையும் பூசினோம், ஏனென்றால் வேருக்கு அதுவும் ஒரு வாசல். மண்ணை மூடுகிறதுக்கு முன்னால் டேங்க் பக்கத்து வாயை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் விட்டு, மட்டத்தைப் பேனாவால் குறித்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இறங்கவில்லை. "இத்தன வருசத்துல இப்படி நிறுத்திப் பாக்கச் சொன்ன வீடு இதாக்கும் மொதல்" என்றார் மேசிரி. மொத்தம் 11,000 ரூபாய் ஆனது.

அடுக்களைத் தண்ணீரையும் குளிக்கிற தண்ணீரையும் அந்த லைனில் சேர்க்கவில்லை. எங்கள் ஆச்சி காலத்தில் அடுக்களைத் தண்ணீர் வாழை மூட்டுக்குத்தான் போனது. குளிக்கிற கல் தெங்குக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. வீடு கட்டும்போது நாகரிகமாக எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்துப் பூமிக்குள் புதைத்தோம். இப்போது வாழைக்குப் பழையபடி ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டோம்.

கிணற்றை மோட்டார் வைத்து இரண்டு தடவை இறைத்தோம். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கு. எங்கள் கிணற்றில் நிற்கிற தண்ணீருக்கு இருபத்தைந்து கிராம் வந்தது. கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் இறக்கி, ஒரு மணி நேரம் தொடாமல் விட்டோம். ஆனால் பவுடர் ஒரு நாள் வேலை. மண்ணில் இறங்கினது போக வேண்டுமே. ஒரு மாதம் கழித்து வைத்த பாட்டில் இரண்டாம் நாள் கறுத்தது. ஐப்பசி மழை முழுக்கப் பெய்து ஓய்ந்தபிறகு, மார்கழியில் வைத்த பாட்டில் மூன்று நாளாகியும் நிறம் மாறவில்லை. அதுவரைக்கும் காய்ச்சின தண்ணீர்தான். இப்போதும் மகளுக்குக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்.

சக்கை நிற்கிறது. இந்த வருஷம் பதினாறு காய். கிணற்றுப் பக்கத்துத் தெங்கில் மட்டும் போன வேனலில் குரும்பை நிறைய உதிர்ந்தது. அம்மா ஒரு நாள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "மக்ளே, ஆறு வருசமா குடிச்சுப் பழகினதுல்லா. நாம சட்டுன்னு நிறுத்திப்போட்டோம்" என்றார். அன்றையிலிருந்து துணி அலசின தண்ணீரை வாளியில் எடுத்து அதன் மூட்டில் கொண்டுபோய் விடுகிறார். காலையில் இரண்டு வாளி, சாயங்காலம் இரண்டு.